லினக்ஸ் டெஸ்க்டாப்பில் தரவுத்தளக் கிளையண்ட் தேர்ந்தெடுப்பது: முழுமையான வழிகாட்டி

லினக்ஸுக்குப் புதிதாக வந்தவர்கள் தரவுத்தளக் கிளையண்ட், அதாவது தரவுத்தளத்தோடு இணைந்து தரவைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் மென்பொருள், தேடும்போது பெரும்பாலும் ஒரே பாதையில்தான் போகிறார்கள். ஒன்றை நிறுவுகிறார்கள், இணைப்பு கிடைப்பதில்லை. அதை நீக்கிவிட்டு அடுத்ததை நிறுவுகிறார்கள், அங்கேயும் அதே பிழை. மூன்றாவது கிளையண்டிலும் அப்படியே ஆகும்போது லினக்ஸே சரிப்படாது என்று நினைத்துவிடுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் கோளாறு பெரும்பாலும் கிளையண்டில் இருக்காது. சர்வர் யாரை, எந்த வழியாக உள்ளே விடுகிறது என்பது தெரியாமல்தான் எல்லாம் நடக்கிறது.

அதனால் இந்த வழிகாட்டியில் வரைகலைக் கிளையண்டை, அதாவது சன்னலும் பொத்தானும் உள்ளதை, நிறுவும் வேலை ஆறாவது படியில்தான் வருகிறது. அதற்கு முந்தைய படிகளை முடித்துவிட்டு வந்தால், எந்தக் கிளையண்டை எடுத்தாலும் பெரும்பாலும் முதல் முயற்சியிலேயே இணைப்பு கிடைக்கும். அப்புறம்தான் நியாயமாக ஒப்பிட முடியும். உபுண்டு, டெபியன், ஃபெடோரா ஆகிய லினக்ஸ் விநியோகங்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் போஸ்ட்கிரஸ், மைஎஸ்கியூஎல், மரியாடிபி, எஸ்கியூலைட் ஆகிய தரவுத்தளங்களிலிருந்து வரும்.

1. முதலில் நான்கு விவரங்களை எழுதி வையுங்கள்

எந்தத் தரவுத்தளம், எந்தப் பதிப்பு. அது எங்கே ஓடுகிறது. நீங்கள் எந்த வழியாக அதை அடைகிறீர்கள். அங்கே என்ன வேலை செய்யப் போகிறீர்கள். இந்த நான்கும் ஒரு காகிதத்தில் இருக்கட்டும்.

பதிப்பு எண்ணைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பேக்கப் எடுக்கும் நாளில் அதுதான் முதலில் தடுக்கும். ஏன் என்பது பத்தாவது படியில்.

எங்கே ஓடுகிறது என்றால், உங்கள் கணினியிலேயா, டாக்கர் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள்ளா, அலுவலக நெட்வொர்க்கிலா, வாடகைக்கு எடுத்த சர்வரிலா என்று தெளிவாக எழுதுங்கள். டாக்கருக்குள் ஓடும் தரவுத்தளத்தின் போர்ட்டை வெளியே திறந்துவிட்டிருக்கிறோமா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். போஸ்ட்கிரஸுக்கு வழக்கமான போர்ட் 5432, மைஎஸ்கியூஎல், மரியாடிபி இரண்டுக்கும் 3306, மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வருக்கு 1433. கண்டெய்னரில் வேறு எண்ணுக்கு மாற்றியிருந்தால் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது விவரம்தான் தேர்வை உண்மையில் முடிவு செய்வது. அறிக்கைக்காகக் குவெரி (தரவைக் கேட்கும் கட்டளை) ஓட்டிப் பார்ப்பவருக்கும், டேபிள் வடிவமைப்பவருக்கும், சர்வரையே பராமரிப்பவருக்கும் ஒரே கிளையண்ட் பொருந்தாது.

2. டெர்மினல் கிளையண்டை நிறுவுங்கள்

வரைகலைக் கிளையண்ட்தான் வேண்டும் என்றாலும் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். போஸ்ட்கிரஸுக்கு பிஎஸ்கியூஎல், மைஎஸ்கியூஎல், மரியாடிபி இரண்டுக்கும் அதனதன் பெயரிலேயே உள்ள டெர்மினல் கிளையண்ட், எஸ்கியூலைட்டுக்கு எஸ்கியூலைட்3. பெரும்பாலானவை உங்கள் விநியோகத்தின் களஞ்சியத்தில், அதாவது அதன் மென்பொருள் கிடங்கில், கிடைக்கும். சர்வர் பொதியை (நிறுவல் தொகுப்பை) நிறுவ வேண்டாம், கிளையண்ட் பொதி மட்டும் போதும். தொலைவில் உள்ள சர்வரைப் பார்க்க வந்தவர்கள் தெரியாமல் தங்கள் கணினியிலும் ஒரு சர்வரை நிறுவிவிட்டு, லோக்கல்ஹோஸ்ட்டில் (தங்கள் கணினியிலேயே) இணைந்து, டேபிள்களைக் காணோம் என்று தேடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

டெர்மினல் கிளையண்டை முதலில் நிறுவச் சொல்வதற்குக் காரணம் எளிது. டெர்மினல் கிளையண்டில் இணைப்பு கிடைத்தால் சர்வர், போர்ட், பயனர், கடவுச்சொல் எல்லாம் சரி என்று உறுதியாகிவிடும். அதன் பிறகு வரைகலைக் கிளையண்டில் பிழை வந்தால் அது அந்தக் கிளையண்டின் அமைப்பில்தான் இருக்கும். தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை: சோதிக்கும்போது ஹோஸ்ட் பெயரைக் கட்டாயம் கொடுங்கள், அதுவும் 127.0.0.1 என்று எண்ணாகவே. இந்தச் சின்ன விஷயம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைத்தான் அடுத்த படி விளக்குகிறது.

3. டெர்மினலில் திறக்கிறது, கிளையண்டில் திறக்கவில்லை: காரணமும் தீர்வும்

புதியவர்கள் அதிகம் இடறும் இடம் இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் கணினியில் ஓடும் தரவுத்தளத்துக்குள் நுழைய இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று யூனிக்ஸ் சாக்கெட், அதாவது கணினிக்குள்ளேயே இருக்கும் ஒரு கோப்பு வழி. இன்னொன்று டிசிபி, அதாவது போர்ட் எண் வழி. ஹோஸ்ட் கொடுக்காமல் பிஎஸ்கியூஎல்லைத் திறந்தால் சாக்கெட் வழியாகப் போகிறது. ஜாவாவில் எழுதப்பட்ட டிபீவர் போன்ற கிளையண்ட்கள் டிசிபி வழியாகப் போகின்றன. இரண்டு வாசலிலும் காவல் விதி வேறு வேறு.

டெபியனிலும் உபுண்டுவிலும் போஸ்ட்கிரஸ் சாக்கெட் வாசலில் பியர் என்ற முறையைப் பயன்படுத்துகிறது. உங்கள் லினக்ஸ் பயனர்பெயரும் தரவுத்தளப் பயனர்பெயரும் ஒன்றாக இருந்தால் கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விடும். சூடோ (நிர்வாகி உரிமையில் கட்டளை ஓட்டுவது) போட்டு போஸ்ட்கிரஸ் பயனராக மாறி நுழைந்தால் கதவு திறப்பது அதனால்தான். ஆனால் டிசிபி வாசலில் கடவுச்சொல் கேட்கும். போஸ்ட்கிரஸ் என்ற பயனருக்கு நீங்கள் எப்போதுமே கடவுச்சொல் வைத்ததில்லை. இல்லாத கடவுச்சொல்லுக்கு எதைத் தட்டினாலும் தவறுதான்.

ஃபெடோராவில் இன்னொரு சிக்கல். முதலில் தரவு அடைவைத் தயார்செய்யும் கட்டளையை ஓட்டாமல் சேவையே தொடங்காது. தொடங்கிய பிறகும் டிசிபி வாசலில் ஐடென்ட் என்ற முறை இருக்கும், சரியான கடவுச்சொல் கொடுத்தாலும் மறுத்துவிடும். அதை ஸ்க்ராம்-ஷா-256 என்று மாற்ற வேண்டும். விதிகள் இருக்கும் கோப்பின் பெயர் பிஜி_ஹெச்பிஏ.கான்ஃப். அது எங்கே இருக்கிறது என்று தேடி அலைய வேண்டாம். பிஎஸ்கியூஎல்லுக்குள் நுழைந்து ஷோ ஹெச்பிஏ_ஃபைல் என்று கேட்டால் முழுப் பாதையையும் சொல்லிவிடும். கோப்பை மாற்றிய பிறகு சேவையை ரீலோட் செய்ய மறக்காதீர்கள். மாற்றியும் பலனில்லை என்று வருபவர்களில் பாதிப்பேர் ரீலோட் செய்யாதவர்கள்.

அந்தக் கோப்பைத் திறந்தவுடன் எல்லா வரியிலும் ட்ரஸ்ட் என்று போட்டுவிடத் தோன்றும். செய்யாதீர்கள். அந்த வழியாக வரும் எவரையும் கடவுச்சொல் இல்லாமல் உள்ளே விடு என்று அதற்கு அர்த்தம். பிரச்சினை தீர்ந்ததுபோல் தோன்றும், அந்த வரி அப்படியே வருடக்கணக்கில் கிடக்கும்.

மைஎஸ்கியூஎல்லிலும் இதே கதைதான். உபுண்டுவில் ரூட் என்ற நிர்வாகப் பயனருக்கு சாக்கெட் வழி அடையாளம் மட்டுமே உண்டு. மரியாடிபியிலும் அப்படித்தான். டெர்மினலில் சூடோவோடு நுழைந்தவர், கிளையண்டில் ரூட் என்று போட்டால் 1698 என்ற எண்ணோடு அனுமதி மறுப்பு வரும். ரூட்டுக்குக் கடவுச்சொல் வைத்து இதைச் சரிசெய்யச் சொல்லும் ஆலோசனைகள் நிறையக் கிடைக்கும். வேண்டாம். ரூட்டை அப்படியே விட்டுவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

இன்னொரு நுணுக்கம்: மைஎஸ்கியூஎல்லின் டெர்மினல் கிளையண்டில் லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால் சாக்கெட் வழியாகவும், 127.0.0.1 என்று கொடுத்தால் டிசிபி வழியாகவும் போகும். இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்துச் சோதித்தால் முடிவு தவறாகிவிடும். முந்தைய படியில் எண்ணாகக் கொடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

4. கிளையண்டுக்கென்று தனிப் பயனரை உருவாக்குங்கள்

நிர்வாகப் பயனரோடு கிளையண்டை இணைக்காதீர்கள். வரைகலைக் கிளையண்டில் ஒரு டேபிளை அழிப்பது வலது சொடுக்கும் ஒரு எண்டரும்தான். அனுமதியே இல்லாத பயனராக நுழைந்திருந்தால் அந்த எண்டரால் எதுவும் ஆகாது.

இரண்டு பயனர்களை வைத்துக்கொள்வது என் வழக்கம். ஒன்று படிக்க மட்டும், இன்னொன்று எழுதவும். நாள் முழுக்கப் படிக்கும் பயனரில்தான் இருப்பேன். மாற்ற வேண்டிய வேலை வரும்போது மட்டும் மற்றதைத் திறப்பேன்.

போஸ்ட்கிரஸ் 14 முதல் பிஜி_ரீட்_ஆல்_டேட்டா என்ற பாத்திரம் (ரோல், உரிமைகளின் தொகுப்பு) தயாராகவே இருக்கிறது. அதைப் புதிய பயனருக்குக் கொடுத்தால் எல்லா டேபிளையும் படிக்கலாம், எதையும் மாற்ற முடியாது. மைஎஸ்கியூஎல்லில் செலக்ட் உரிமையை மட்டும் தந்தால் போதும். படிக்கும் பயனருக்கு போஸ்ட்கிரஸில் ஸ்டேட்மென்ட்_டைம்அவுட் என்ற வரம்பையும் வைத்துவிடுங்கள். அவசரத்தில் எழுதிய குவெரி சர்வரை மணிக்கணக்கில் பிடித்து வைத்திருக்காது.

கடவுச்சொல்லோடு இரண்டாவது படியின் சோதனையை இந்தப் பயனருக்கு மறுபடி செய்யுங்கள். கதவு திறந்தால் கிளையண்டைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.

5. பட்டியலைச் சுருக்குங்கள்

கிளையண்ட்கள் ஏராளம். முதல் படியில் எழுதிய காகிதத்தை எடுத்துப் பார்த்தால் உங்களுக்கு மிஞ்சுவது இரண்டோ மூன்றோதான்.

ஒன்றுக்கு மேற்பட்ட தரவுத்தள வகைகள் என்றால் டிபீவர் கம்யூனிட்டி. ஜாவாவில், எக்லிப்ஸ் அடித்தளத்தில் எழுதப்பட்டது, அப்பாச்சி 2.0 உரிமம். ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தேவையான டிரைவரை (இணைப்பை நடத்தும் நிரலை) முதல் இணைப்பின்போது இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். இணையம் இல்லாத அலுவலகக் கணினியில் இது முட்டுக்கட்டை ஆகும், டிரைவர் கோப்பை முன்பே எடுத்து வைத்துக் கையால் சேர்க்க வேண்டும். மெனுக்கள் அதிகம், முதலில் மிரட்டும். ஆனாலும் ஒன்றே ஒன்றைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன்.

போஸ்ட்கிரஸ் மட்டும், அதுவும் சர்வரைப் பராமரிக்கும் வேலையும் இருந்தால் பிஜிஅட்மின் 4. பாத்திரங்கள், உரிமைகள், ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புகள், பேக்கப் எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும். டெபியன், உபுண்டுவுக்கு அந்தத் திட்டமே தனி ஆப்ட் களஞ்சியம் நடத்துகிறது. அங்கே டெஸ்க்டாப் பொதி ஒன்று, வெப் பொதி ஒன்று என்று இரண்டு உண்டு. தனிக் கணினிக்கு டெஸ்க்டாப் பொதியை மட்டும் எடுங்கள். இரண்டையும் சேர்த்து நிறுவினால் தேவையில்லாமல் ஒரு வெப் சர்வரையும் பராமரிக்க நேரும்.

மைஎஸ்கியூஎல் மட்டும் என்றால் மைஎஸ்கியூஎல் வொர்க்பெஞ்ச். டேபிள்களுக்கு இடையேயான உறவை வரைபடமாக வரைந்து வடிவமைப்பது இதில் நன்றாக இருக்கும். மரியாடிபியோடு இணைத்தால் பொருந்தாத சர்வர் என்று எச்சரிக்கும். குவெரி ஓடும், ஆனால் சில பகுதிகள் தகராறு செய்யும். மரியாடிபிக்காரர்கள் டிபீவருக்கே போவது நல்லது.

எஸ்கியூலைட் கோப்பு மட்டும் என்றால் டிபி பிரவுசர் ஃபார் எஸ்கியூலைட். சிறியது, வேகமானது. அதில் செய்யும் மாற்றங்கள் ரைட் சேஞ்சஸ் பொத்தானை அழுத்தும்வரை கோப்பில் ஏறாது. அதுவரை கோப்பையும் பூட்டி வைத்திருக்கும். பக்கத்தில் ஓடும் உங்கள் நிரல் தரவுத்தளம் பூட்டப்பட்டிருக்கிறது என்று கத்தினால் முதலில் இந்தச் சன்னலைப் பாருங்கள்.

எளிமையான தோற்றம் வேண்டும், குவெரி எழுதிப் பதில் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு பீகீப்பர் ஸ்டுடியோ. எலக்ட்ரான் என்ற ஜாவாஸ்கிரிப்ட் அடித்தளத்தில் எழுதப்பட்டது. அதன் கம்யூனிட்டி பதிப்பு ஜிபிஎல் 3 உரிமத்தில் கிடைக்கிறது. சில வசதிகள் கட்டணப் பதிப்பில் மட்டும் உண்டு. வணிக வேலைக்குக் காசு கொடுத்து வாங்கத் தயார் என்றால் ஜெட்பிரெயின்ஸின் டேட்டாகிரிப். குவெரி எழுதும்போது அது தரும் உதவிதான் அதன் பலம்.

எஸ்கியூஎல் சர்வர்காரர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸில் பழகிய மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ லினக்ஸில் இல்லை. அசூர் டேட்டா ஸ்டுடியோவை நிறுவச் சொல்லும் பழைய குறிப்புகள் இன்னும் உலவுகின்றன. அதை 2026 பிப்ரவரி 28 அன்று நிறுத்துவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்து, விஎஸ் கோடின் நீட்டிப்புக்கு மாறச் சொல்லியது. புதிதாகத் தொடங்குபவர்கள் நேராக அந்த நீட்டிப்புக்கோ டிபீவருக்கோ போய்விடுங்கள்.

கணினியின் நினைவகம் 4 ஜிபி என்றால் ஜாவா, எலக்ட்ரான் இரண்டுமே உலாவியோடு சேர்ந்து திணறும். அப்படிப்பட்டவர்கள் டெர்மினலிலேயே இருக்கலாம். பிஜிசிஎல்ஐ, மைசிஎல்ஐ இரண்டும் டேபிள் பெயர்களையும் நெடுவரிசைப் பெயர்களையும் தட்டச்சும்போதே எடுத்துக்கொடுக்கும்.

6. எந்தப் பொதியாக நிறுவுவது

ஒரே கிளையண்ட் டெப், ஆர்பிஎம், ஃபிளாட்பேக், ஸ்னாப், ஆப்இமேஜ் என்று பல வடிவில் கிடைக்கும். தரவுத்தளக் கிளையண்ட் விஷயத்தில் இந்தத் தேர்வு மற்ற மென்பொருள்களைவிட அதிகமாகப் பாதிக்கும்.

ஃபிளாட்பேக்கும் ஸ்னாப்பும் மென்பொருளை ஒரு தனி அறைக்குள் வைத்துப் பூட்டுகின்றன. பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் கிளையண்டுக்கு, தொலை சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் உங்கள் எஸ்எஸ்எச் சாவிக் கோப்பு தேவைப்படும், சர்வரின் யூனிக்ஸ் சாக்கெட் தேவைப்படலாம், பேக்கப்புக்காகக் கணினியில் நிறுவிய பிஜி_டம்ப் தேவைப்படும். அந்த அறைக்குள்ளிருந்து இவை கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். சாவிக் கோப்பு இருக்கிறது, கிளையண்ட் இல்லை என்கிறது என்றால் காரணம் இதுதான்.

வொர்க்பெஞ்சின் ஸ்னாப் பதிப்பில் கடவுச்சொல்லைச் சேமிக்க முடியாமல் பிழை வரும். ஸ்னாப் கனெக்ட் கட்டளையால் பாஸ்வேர்ட்-மேனேஜர்-சர்வீஸ் என்ற அனுமதியைக் கையால் கொடுக்க வேண்டும். எஸ்எஸ்எச் சாவிக்கும் அதேபோல் தனி அனுமதி. ஃபிளாட்பேக்கில் இந்த அனுமதிகளைக் கொடுக்க ஃபிளாட்சீல் என்ற வரைகலைக் கருவி இருக்கிறது. கேட்ட அடைவை மட்டும் திறந்துவிடுங்கள், முழு ஹோம் அடைவையும் திறக்க வேண்டியதில்லை.

எஸ்கியூலைட்டுக்கு அடைவையேதான் திறக்க வேண்டும், கோப்பை மட்டும் திறந்தால் போதாது. தரவுத்தளக் கோப்பின் பக்கத்திலேயே வால் (-wal) என்று முடியும் துணைக்கோப்பை அது உருவாக்கலாம். அங்கே எழுத இடமில்லை என்றால் எழுதும் வேலை தோற்கும்.

ஆப்இமேஜ் எடுத்தவர்கள் இரண்டு சொடுக்குச் சொடுக்கியும் எதுவும் நடக்கவில்லை என்றால், முதலில் கோப்புக்கு இயக்கும் அனுமதி இருக்கிறதா பாருங்கள். இருந்தும் ஓடவில்லை, உபுண்டு 22.04 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் லிப்ஃபியூஸ்2 இல்லாதது காரணமாக இருக்கலாம். 24.04-இல் அந்தப் பொதியின் பெயர் லிப்ஃபியூஸ்2டி64. பெயரில் மயங்கி வெறும் ஃபியூஸ் என்ற பொதியை நிறுவாதீர்கள். புதிய உபுண்டுவில் அது ஃபியூஸ்3-ஐ நீக்கி, டெஸ்க்டாப்பின் மற்ற பகுதிகளையும் இழுத்துக்கொண்டு போகக்கூடும்.

என் பரிந்துரை: டெப் அல்லது ஆர்பிஎம் கிடைத்தால், அதையும் திட்டத்தின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே எடுங்கள்.

7. ஒரு சோதனை டேபிளால் கிளையண்டைச் சோதியுங்கள்

தோற்றத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கிளையண்டின் முதல் கடமை தரவை உள்ளபடி காட்டுவது. அதைச் சோதிக்க ஒரு சின்ன டேபிள் போதும். புதிய தரவுத்தளம் ஒன்றில், முதன்மைச் சாவியோடு, ஒரு பெயர், ஒரு பெரிய முழு எண், ஒரு நேரம், ஒரு குறிப்பு என்று நெடுவரிசைகள் வையுங்கள். டெர்மினல் கிளையண்டால் தரவை நிரப்புங்கள். பிறகு தேர்ந்தெடுத்த கிளையண்ட்களில் திறந்து ஒப்பிடுங்கள்.

பெயரில் தமிழ் எழுதுங்கள். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். நோட்டோ சான்ஸ் தமிழோ லோஹித் தமிழோ நிறுவினால் சரியாகிவிடும். கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் கவனம்: இணைப்பின் எழுத்துக் குறியாக்கம் தவறாக இருந்து, சேமிக்கும்போதே தரவு அழிந்திருக்கலாம். தலைக்குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளும் பதிவுச் சின்னமும் கலந்து வந்தால், யூடிஎஃப்-8 தரவை லத்தீன் என்று நினைத்துப் படிக்கிறது. தரவு பெரும்பாலும் பத்திரமாக இருக்கும், இணைப்பு அமைப்பைத் திருத்தினால் போதும்.

மைஎஸ்கியூஎல்லில் டேபிளின் குறியாக்கம் யூடிஎஃப்8எம்பி4 ஆக இருக்கட்டும். பழைய யூடிஎஃப்8 மூன்று பைட்வரைதான் தாங்கும். தமிழ் எழுத்துகள் மூன்று பைட்டில் அடங்கிவிடுவதால் எல்லாம் சரி என்று தோன்றும், யாராவது ஒரு எமோஜியைச் சேர்க்கும் நாளில் பிழை வரும்.

நீளத்தையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். தமிழ் என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. தரவுத்தளத்தின் கணக்கில் ஐந்து குறிகள், பதினைந்து பைட். இருபது எழுத்துக்கு வரம்பு வைத்த பெயர் நெடுவரிசையில் முழுப்பெயர் ஏறாமல் போனால் கிளையண்டைக் குறை சொல்லாதீர்கள், வரம்பை உயர்த்துங்கள்.

பெரிய எண் நெடுவரிசையில் 9007199254740993 என்று சேருங்கள். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகை 9007199254740992-க்கு மேல் எல்லா முழு எண்ணையும் துல்லியமாகத் தாங்காது. எலக்ட்ரான் கிளையண்ட் இதைக் கவனித்து எழுதப்படவில்லை என்றால் கடைசி இலக்கம் 3-க்குப் பதில் 2 என்று காட்டும். அப்படிக் காட்டும் கிளையண்டை அந்த இடத்திலேயே ஒதுக்கிவிடுங்கள். வங்கிப் பரிவர்த்தனை எண்ணோ ஆர்டர் எண்ணோ ஒன்று மாறினால் அது வேறொருவருடைய பதிவு.

நேரத்துக்கு, நேர மண்டலத்தோடு கூடிய வகையைப் பயன்படுத்துங்கள். போஸ்ட்கிரஸின் ஜாவா டிரைவர் உங்கள் கணினியின் நேர மண்டலத்தை இணைப்புக்குக் கொடுத்துவிடும். பிஎஸ்கியூஎல் சர்வரின் அமைப்பைப் பின்பற்றும். சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால் ஒரே வரிசை, இந்தியாவிலோ இலங்கையிலோ உள்ள கணினியில் டிபீவரில் ஐந்தரை மணி நேரம் தள்ளித் தெரியும். இரண்டுமே சரிதான். இது தெரியாமல் யாரோ நேரத்தை மாற்றிவிட்டார்கள் என்று தரவைத் திருத்தப் போவதுதான் ஆபத்து.

குறிப்பு நெடுவரிசையில் ஒரு வரிசையை நல் (NULL, மதிப்பே இல்லாதது) ஆகவும் இன்னொன்றை வெற்றுச் சரமாகவும் விடுங்கள். இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுகிறதா பாருங்கள். பிறகு சிஎஸ்வியாக ஏற்றுமதி செய்து லிப்ரேஆபிஸ் கால்க்கில் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறந்து பாருங்கள்.

கடைசியாக, சில ஆயிரம் வரிசைகளை நிரப்பி முழுவதையும் கேளுங்கள். டிபீவர் முதலில் 200 வரிசை மட்டும் கொண்டுவரும். வொர்க்பெஞ்ச் குவெரியிலேயே 1000 என்ற வரம்பைச் சேர்த்து அனுப்பும். வொர்க்பெஞ்சில் வரம்பை எடுக்காமல் ஏற்றுமதி செய்தால் கோப்பில் 1000 வரிசைதான் இருக்கும். மொத்த விற்பனைத் தொகை குறைகிறதே என்று கணக்காளர் கேட்டு வரும்போது இந்த வரம்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

8. உண்மையான சர்வரை இணைக்கும் முன் மாற்ற வேண்டிய அமைப்புகள்

முதலாவது, எதை ஓட்டுகிறது என்பது. ரன் பொத்தானை அழுத்தினால் கர்சர் நிற்கும் வாக்கியமா, தேர்ந்தெடுத்த பகுதியா, எடிட்டரில் உள்ள முழுவதுமா? கிளையண்டுக்குக் கிளையண்ட் மாறும். சோதனை டேபிளில் தெரிந்துகொள்ளுங்கள். டிபீவரில் கன்ட்ரோல்-எண்டர் ஒரு வாக்கியம், ஆல்ட்-எக்ஸ் முழு ஸ்கிரிப்ட். வெற்று வரியை வாக்கியத்தின் முடிவாக எடுத்துக்கொள்ளும் அமைப்பும் அதில் உண்டு. அப்டேட் வாக்கியத்துக்கும் அதன் வேர் (WHERE) நிபந்தனைப் பகுதிக்கும் நடுவே அழகுக்காக ஒரு வெற்று வரி விட்டால், நிபந்தனை இல்லாமல் முதல் பகுதி மட்டும் ஓடி எல்லா வரிசைகளையும் மாற்றிவிடலாம். அந்த அமைப்பை அணைத்துவிட்டு, வாக்கியங்களை அரைப்புள்ளியால் முடியுங்கள்.

வொர்க்பெஞ்சில் 1175 என்ற பிழை வந்தால் எரிச்சல்படாதீர்கள். சாவி நெடுவரிசையில் நிபந்தனை இல்லாத அப்டேட்டையும் டெலிட்டையும் தடுக்கும் பாதுகாப்பு அது. அணைக்காமல் குவெரியைத் திருத்துங்கள்.

இரண்டாவது, ஆட்டோ கமிட், அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் உடனே நிரந்தரமாக்குவது. டிபீவரில் ஒவ்வொரு இணைப்புக்கும் டெவலப்மென்ட், டெஸ்ட், புரொடக்ஷன் என்று வகை கொடுக்கலாம், நிறமும் மாறும். உண்மையான சர்வரைக் கட்டாயம் புரொடக்ஷன் என்று குறியுங்கள். அதில் கமிட்டை நீங்களே கொடுக்கும் முறையை வைத்துக்கொண்டால், மாற்றிய வரிசை எத்தனை என்று பார்த்துவிட்டு, தவறென்றால் ரோல்பேக் செய்து பழைய நிலைக்குத் திருப்பலாம்.

இதற்கு ஒரு விலை உண்டு. கமிட்டும் கொடுக்காமல் ரோல்பேக்கும் செய்யாமல் சாப்பிடப் போய்விட்டால் நீங்கள் மாற்றிய வரிசைகள் பூட்டியே இருக்கும், மற்றவர்களின் வேலை நிற்கும். போஸ்ட்கிரஸில் பழைய வரிசைகளைச் சுத்தம் செய்யும் வேக்யூமும் தடைபடும். எழுதும் பயனருக்கு ஐடில்_இன்_டிரான்சாக்ஷன்_செஷன்_டைம்அவுட் என்ற வரம்பைச் சில நிமிடங்களுக்கு வைத்துவிடுங்கள். மறந்து போனாலும் சர்வரே இணைப்பை வெட்டிவிடும்.

மூன்றாவது, கடவுச்சொல் சேமிப்பு. டிபீவரிலும் பிஜிஅட்மினிலும் மாஸ்டர் பாஸ்வேர்ட் வைக்கும் வசதி இருக்கிறது, வையுங்கள். டெர்மினலில் பிஜிபாஸ் கோப்பைப் பயன்படுத்தினால் அதன் அனுமதி 0600 ஆக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிஎஸ்கியூஎல் அந்தக் கோப்பைப் பொருட்படுத்தாது.

9. தொலைவில் உள்ள சர்வர்

தரவுத்தளப் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். எஸ்எஸ்எச் சுரங்கம், அதாவது மறையாக்கம் செய்த வழி, ஒன்றின் மூலம் போங்கள். முதலில் டெர்மினலில் சுரங்கத்தைப் போட்டுப் பாருங்கள்: உங்கள் கணினியின் 5433-ஐ அந்தச் சர்வரின் 5432-க்கு இணைத்துவிட்டு, பிஎஸ்கியூஎல்லில் 127.0.0.1, போர்ட் 5433 என்று நுழையுங்கள். 5432-ஐயே இந்தப் பக்கமும் கொடுத்தால் உங்கள் கணினியில் ஓடும் போஸ்ட்கிரஸோடு மோதும்.

அது வேலை செய்தால் கிளையண்டின் எஸ்எஸ்எச் பகுதியில் அதே விவரங்களைக் கொடுங்கள். அங்கே பலர் குழம்புவது ஹோஸ்ட் கட்டத்தில்தான். எஸ்எஸ்எச் பகுதியில் சர்வரின் முகவரி. தரவுத்தளப் பகுதியில் அந்தச் சர்வரிலிருந்து பார்த்தால் தரவுத்தளம் எங்கே இருக்கிறதோ அது, பெரும்பாலும் லோக்கல்ஹோஸ்ட்.

சுரங்கம் இல்லாமல் நேரடியாக இணைய வேண்டிய கட்டாயம் என்றால் டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கம் செய்யும் முறை) அமைப்பைப் பாருங்கள். போஸ்ட்கிரஸில் ரெக்வயர் என்ற நிலை தரவை மறையாக்கம் செய்யும், ஆனால் எதிரில் இருப்பது உண்மையான சர்வர்தானா என்று சான்றிதழைச் சரிபார்க்காது. வெரிஃபை-ஃபுல் என்று வைத்தால்தான் சரிபார்க்கும்.

மைஎஸ்கியூஎல் 8-ஓடு டிபீவரை இணைக்கும்போது பப்ளிக் கீ ரிட்ரீவல் அனுமதிக்கப்படவில்லை என்ற பிழை வரும். டிரைவர் பண்புகளில் அதை அனுமதிப்பது உங்கள் சொந்தக் கணினியில் பரவாயில்லை. நெட்வொர்க் வழியே போகும் இணைப்பில் அதைச் செய்யாமல் டிஎல்எஸ்ஸை இயக்குங்கள்.

இணைந்த பிறகு மற்றத் தரவுத்தளங்களைக் காணவில்லை என்று திகைப்பவர்களும் உண்டு. போஸ்ட்கிரஸில் ஒரு இணைப்பு ஒரு தரவுத்தளத்துக்கு மட்டும்தான். டிபீவரில் எல்லாத் தரவுத்தளங்களையும் காட்டு என்ற பெட்டியை இணைப்பு அமைப்பில் தேர்ந்தெடுத்தால் மற்றவையும் வரும்.

10. பேக்கப் எடுத்து, மீட்டுப் பார்த்து, பிறகு முடிவெடுங்கள்

பிஜிஅட்மினானாலும் டிபீவரானாலும் பேக்கப்பைத் தாங்களே எடுப்பதில்லை. உங்கள் கணினியில் உள்ள பிஜி_டம்ப், மைஎஸ்கியூஎல்டம்ப் போன்ற கருவிகளைக் கூப்பிட்டு வேலை வாங்குகின்றன. அந்தக் கருவி எங்கே இருக்கிறது என்ற பாதையைக் கிளையண்டின் அமைப்பில் கொடுக்க வேண்டும்.

பிஜி_டம்ப் தன்னைவிடப் புதிய முதன்மைப் பதிப்புள்ள சர்வரிலிருந்து பேக்கப் எடுக்க மறுத்துவிடும். உங்கள் விநியோகத்தின் களஞ்சியத்தில் 14 இருக்கிறது, சர்வர் 16 என்றால் பதிப்பு பொருந்தவில்லை என்று நின்றுவிடும். முதல் படியில் பதிப்பு எண்ணை எழுதச் சொன்னது இதற்காக. போஸ்ட்கிரஸ் திட்டத்தின் சொந்த ஆப்ட் களஞ்சியத்தைச் சேர்த்து, சர்வருக்கு இணையான கிளையண்ட் பொதியை நிறுவிக்கொள்ளுங்கள். பழைய பதிப்பும் கணினியில் கிடந்தால் கிளையண்டில் கொடுத்த பாதை எதைக் காட்டுகிறது என்று சரிபாருங்கள்.

எஸ்கியூலைட்டில் கோப்பை நகலெடுத்தால் பேக்கப் ஆகிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். வால் துணைக்கோப்பு பக்கத்தில் இருக்கும்போது முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுத்தால் கடைசியாகச் செய்த மாற்றங்கள் நகலில் இல்லாமல் போகலாம். எஸ்கியூலைட்3-இன் பேக்கப் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

எடுத்த பேக்கப்பை வேறொரு வெற்றுத் தரவுத்தளத்தில் மீட்டுப் பாருங்கள். சோதனை டேபிளின் வரிசை எண்ணிக்கை, தமிழ்ப் பெயர், அந்தப் பெரிய எண், நேரம் எல்லாம் அப்படியே வர வேண்டும். வந்தால் அந்தக் கிளையண்டையே வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடுங்கள். நீக்கும்போது அவற்றில் சேமித்த இணைப்பு விவரங்கள் ஹோம் அடைவிலேயே தங்கிவிடும், பொதியை நீக்கினால் அவை போகாது. டிபீவரின் விவரங்கள் லோக்கல் அடைவுக்குள் ஷேர் அடைவில் டிபீவர்டேட்டா என்ற பெயரில் இருக்கும். இனி பயன்படுத்தாத கிளையண்ட் என்றால் அந்த அடைவையும் கையோடு அழித்துவிடுங்கள். தொடர்ந்து பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால், கணினி மாறும் நாளுக்காக அதன் பிரதி ஒன்றைப் பத்திரமான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.